மதகுக் கல்

எங்க ஊர் ஏரியில் நான் தூண்டில் போட்டதே இல்லை. திண்டிவனத்துக்கு மேற்கே இருக்கிற ஊர். ஏரி ரொம்பிக் கோடி போகிற ராத்திரியில், இடுப்பில் கயிறு கட்டிக்கிட்டு முங்கி மதகுக் கட்டையைத் தூக்குறவர் எங்க அப்பா. கூலி, களத்தில் கடைசியா அளக்கிற நெல். மீன்பாசி குத்தகை மட்டும் ஊர்க்காரங்களுக்கு. சேரியாள் கரையில் தூண்டிலோடு நின்றால் அது திருட்டு.

"நம்மளத் தெரியாத ஏரிக்குப் போவோம்டா" என்பார் அப்பா. ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள மயிலம், பேரணி பக்கம் நடப்போம்.

புது ஏரியில் எடுத்ததும் தூண்டில் வீசக்கூடாது. முதல்ல கரைமேல் ஒரு நடை. மதகு எங்க, கோடி எங்க, கோரை எந்தப் பக்கம்? கெளுத்தி பள்ளத்தில் கிடக்கும். வெறால் அப்படியில்லை. அதுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காத்து குடிச்சே ஆகணும். அதனால ஓரத்துக் கோரையில், அல்லி இலை நிழலில், முழங்கால் தண்ணியில் நிக்கும். 'ப்ளக்'னு சத்தம் கேட்டு ஒரு வட்டம் விரியும். அந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிச் சின்னத் தவக்களையை முள்ளில் மாட்டி, இலைமேல தத்துற மாதிரி இழுக்கணும். கவ்வினதும் வெட்டி இழுத்தா போச்சு. முழுங்க விடணும்.

குஞ்சுங்க செவப்பா பந்து மாதிரி மொய்ச்சா அடியில் தாய் நிக்குது. அங்கே போட்டா கோவத்திலேயே கடிக்கும். அப்பா போட விடமாட்டார், வீட்டில் உலை வைக்காத நாள்லயும்.

1984. அப்போ தென்னாற்காடு மாவட்டம். நான் ஒம்பதாவது. ஒன்றரைக் கிலோ வெறால் ஒண்ணு மாட்டிச்சு. கரையில் இருந்த பெரியவர் சந்தோஷப்பட்டு அப்பாவுக்குப் பீடி குடுத்தார். "எந்த ஊரு?" அப்பா சொன்னார். "ஊர்ல எந்தத் தெரு?" அப்பா பேசலை. நான்தான் "காலனி"ன்னேன்.

"மீனப் போட்டுட்டுப் போங்க."

அப்பா அதைக் கரையில் போடலை. முள்ளைக் கழட்டித் தண்ணியில் விட்டார். திரும்பி வர்ற வழியெல்லாம் பேச்சில்லை. ஊர் எல்லையில் சொன்னார்: "கேட்டா உண்மையச் சொல்லு. ஆனா கேக்கறதுக்கு முன்னாடி மீனப் பையில போட்டு நடக்கக் கத்துக்க."

1927இல் மகாத் குளத்தில் பாபாசாகேப் தண்ணி அள்ளிக் குடிச்சதை விழுப்புரத்தில் கல்லூரிக்கு வந்த பிறகுதான் படிச்சேன். தண்ணிக்கே அவ்வளவு. மீனு காசாச்சே.

அப்புறம் வீடூர் அணை வரைக்கும் எத்தனையோ தண்ணி பாத்துட்டேன். நாப்பது ஹெக்டேருக்குக் குறைஞ்ச பாசனம்னா ஊராட்சி ஒன்றிய ஏரி. எங்க ஊர் ஏரி அதில் சேர்ந்தது. இந்த வருஷம் ஏலத்துக்குப் போறோம்னு காலனிப் பசங்க வந்தாங்க. "அண்ணே, நம்ம ஏரியில வெறால் எங்க நிக்கும்?"

எனக்குத் தெரியலை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அடுத்த ஊர் ஏரிங்க.

அப்பாவைக் கூட்டிப் போனோம். இப்போ அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. மதகுக் கல்லைத் தடவிப் பார்த்து அதுமேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேட்டுட்டுக் கையை நீட்டினார்.

"அங்க. ரெட்டைப் பனைக்கு நேரா."