காப்பார் சாலையில் ஒரு ஜோடி விளக்கு

கிள்ளான் பட்டணத்தைத் தாண்டி காப்பார் பக்கம் திரும்பினால், கொஞ்ச தூரத்திலேயே சாலையோரம் பாதியாக அறுத்த கார்கள் தெரிய ஆரம்பிக்கும். மூக்கும் இன்ஜினும் இருக்கும். பின் இருக்கை இருக்க வேண்டிய இடத்தில் வானம் தெரியும். மலாய்க்காரர்கள் 'கெடாய் போத்தோங்' என்பார்கள். நம்மவர்களுக்கு அது 'ஆஃப் கட்' கடை. ஜப்பானில் ஓடி முடித்த கார்களைக் குறுக்கே அறுத்து, உதிரிப்பாகம் என்று கப்பலேற்றி அனுப்புகிறார்கள். துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் இந்த வியாபாரம் கிள்ளானைச் சுற்றி வேர்விட்டதில் ஆச்சரியமில்லை.

இந்தக் கடைகள் என்றால் இளவட்டங்கள் டர்போ இன்ஜின் தேடி வரும் இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். பள்ளி வேன் ஓட்டுபவர், காய்கறி லோரிக்காரர், ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி என்று கையில் உடைந்த ஏதோ ஒரு சாமானைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். போன மாதம் அந்த வரிசையில் நானும் என் பெரியப்பாவும் இருந்தோம். பெரியப்பாவின் கையில் இருந்தது, உள்ளே தண்ணீர் கோத்த ஒரு முன்விளக்கு.

பெரியப்பாவின் வண்டி 1996-இல் வாங்கிய புரோட்டோன் வீரா. அவர் குடியிருப்பது ஹூத்தான் மெலிந்தாங் பக்கம். திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாளும் பெரியம்மாவுக்கு தெலுக் இந்தானில் டயாலிசிஸ். முதல் ஷிப்ட் கிடைத்திருப்பதால் விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் செம்பனை, பல இடங்களில் தெருவிளக்கு கிடையாது. ஆலை ஷிப்டுக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள், பின்விளக்கு எரியாத சைக்கிள்கள், நடுச்சாலையில் அசை போடும் மாடுகள். அப்படிப்பட்ட ஒரு மாடுதான் இரண்டு வருடத்துக்கு முன் வீராவின் மூக்கை உடைத்தது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுந்து போய்விட்டது.

அப்போது ஒரு பட்டறையில் மாட்டிய மலிவான புது விளக்குகளில்தான் வினை ஆரம்பித்தது. பளபளவென்று இருந்தன. ஒரே மழைக்காலத்தில் உள்ளே முத்து முத்தாக நீர் கோத்தது. வெள்ளிப்பூச்சு புள்ளி புள்ளியாக உரிந்தது. மட்டத்தைச் சரிசெய்யும் பிளாஸ்டிக் திருகின் பல் தேய்ந்து, வலது விளக்கு மரக்கிளையைப் பார்த்தது. இடது விளக்கு பம்பருக்குக் கீழே தரையைப் பார்த்தது. வெளிச்சம் போதவில்லை என்று திரும்பப் போனபோது, பட்டறையில் நீலம் பாய்ந்த எல்இடி பல்பு இரண்டைப் போட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எதிரே வருகிறவர்கள் எல்லாரும் பெரியப்பாவுக்கு ஹைபீம் அடிக்க ஆரம்பித்தார்கள். அவரோ, "எனக்கு ஒன்னும் தெரியல, அவனுங்களுக்குக் கண்ணு கூசுதாம். இது என்னா வெளிச்சம் தம்பி?" என்றார்.

நல்ல கேள்வி. காரின் முன்விளக்கு டார்ச்லைட் மாதிரி இல்லை. வீரா போன்ற வண்டிகளில் இருப்பது எச்4 பல்பு. அதற்குள் இரண்டு இழைகள்: ஹைபீமுக்கு 60 வாட், லோபீமுக்கு 55 வாட். லோபீம் இழைக்குக் கீழே சின்னக் கரண்டி போல ஓர் உலோகத் தகடு இருக்கும். மேலே போய்ப் பிறர் கண்ணில் விழக்கூடிய வெளிச்சத்தை அது தடுத்துவிடும். இழை இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்துத்தான் பின்னால் உள்ள கிண்ணத்தை வளைத்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் கணக்கு தப்பும். மலிவான எல்இடி பல்பில் இழையே கிடையாது. இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லுகள்தாம். வெளிச்சம் நிறைய வரும், போக வேண்டிய இடத்துக்குத்தான் போகாது. தயாரிப்பாளர் பொருத்தாத எச்ஐடி போன்ற விளக்குகளை மாட்டக்கூடாது என்று ஜேபிஜே எத்தனையோ முறை எச்சரித்துவிட்டது. ஆனாலும் இரவில் நெடுஞ்சாலையில் போனால் பத்து வண்டிக்கு ஒன்று நம் கண்ணைப் பிடுங்குகிறது.

ஹூத்தான் மெலிந்தாங்கிலிருந்து காப்பாருக்கு நெடுக ஐந்தாம் எண் கூட்டரசு சாலைதான். புதிய விரைவுச்சாலை வந்த பிறகும் பெரியப்பா பழைய வழியை விடுவதாக இல்லை. பெர்ணம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பேராக் முடிந்து சிலாங்கூர். சபாக் பெர்ணம், சுங்கை பெசார், அப்புறம் சிகிஞ்சான். நாங்கள் போனபோது வயலில் கதிர் பழுத்து நின்றது. கொக்குகள் காவல் இருந்தன. தஞ்சோங் காராங் தாண்டி கோலசிலாங்கூர் வந்ததும் மின்மினி பார்க்கப் போகும் பலகைகள். கம்போங் குவாந்தானில் பெரம்பாங் மரங்களில் மினுக்கும் அந்தப் பூச்சிகளுக்காகத் துடுப்புப் படகில் இருட்டிலேயே கூட்டிப்போவார்கள். கேமரா பிளாஷ் அடித்தால் படகுக்காரருக்குக் கோபம் வரும். வெளிச்சத்தை அடக்கி வைப்பதும் ஒரு மரியாதைதான் என்பது அந்த ஆற்றில் எல்லாருக்கும் புரிகிறது. கரையேறி ஸ்டியரிங்கைப் பிடித்ததும் மறந்துபோகிறது.

காப்பார் கடையில் விளக்குகள் ஓர் அலமாரி நிறைய, ஜோடி ஜோடியாகக் கயிற்றால் கட்டிக் கிடந்தன. தவுக்கேக்கு எழுபது வயதிருக்கும். எங்கள் விளக்கை வாங்கி ஆட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் சலசலத்தது. சிரித்துவிட்டு உள்ளே போய் இரண்டு பழைய விளக்குகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முகப்பை நகத்தால் தட்டினார். கண்ணாடி. "இனி ஒரி," என்றார். அசல் சாமான் என்று அர்த்தம். வீரா, 1990-களின் மிட்சுபிஷி லான்சரை அடியொற்றிச் செய்யப்பட்டது. அதனால்தான் ஜப்பானில் ஓய்ந்த லான்சரின் உறுப்புகள் நம்மூர் வீராவுக்கு இன்னும் உயிர் கொடுக்கின்றன. கண்ணாடி முகப்பு கல்பட்டால் உடையும், ஆனால் வெயிலில் மஞ்சளிக்காது. மலிவு விளக்கின் பிளாஸ்டிக் முகப்பு, மேல்பூச்சு போனதும் நம் வெயிலைத் தாங்காது.

ஜப்பான் சாமானில் இன்னொரு சௌகரியம், அங்கும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். லோபீம் வெளிச்சம் சுவரில் விழும்போது வலப்பாதி மட்டமாகவும், இடப்பாதி சற்று மேல் நோக்கி ஏறியும் இருக்க வேண்டும். இடது ஓரத்தில் நடப்பவரையும் சைக்கிளையும் காட்டவும், வலப்பக்கம் எதிரே வருபவரைக் கூசாமல் விடவும்தான் அந்த ஏற்பாடு. வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கை வாங்கி மாட்டினால் எல்லாம் தலைகீழ். ஐரோப்பிய முத்திரை உள்ள விளக்கு என்றால், வட்டத்துக்குள் 'இ' எழுத்து இருக்கும். பக்கத்தில் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். விளக்கை நேருக்கு நேர் நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலக்கைப் பக்கம் காட்டினால் அது இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு உரியது. அம்பே இல்லையென்றால் நமக்கு ஆகாது. இணையத்தில் படம் பார்த்து வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஜோடி 220 ரிங்கிட் என்றார். பெரியப்பா 150 என்றார். பாதி மலாய், பாதி தமிழ், கொஞ்சம் ஹொக்கியன் என்று கால் மணி நேரம் போனது. 180-க்கு முடிந்தது.

மாட்டியது ஜெராமில், எனக்குத் தெரிந்த போர்மேன் அண்ணன். விளக்கைத் தொடுவதற்கு முன் அவர் மீட்டரை எடுத்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் காட்டியது. பல்பு சாக்கெட்டில் 12-ஐயும் தொடவில்லை. "முப்பது வருஷ வயர் அண்ணே, பல்பு என்ன செய்யும்?" என்றார். ஹாலஜன் பல்புக்கு மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறையும். அதாவது, பாதிக் குற்றம் விளக்கின் மேலேயே இல்லை. துருப்பிடித்த எர்த் முனையைச் சுரண்டி இறுக்கினார். பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்து நேராக ஒரு ரிலே வயர் இழுத்தார். பழைய சுவிட்ச் இனி ரிலேயை மட்டும் தட்டினால் போதும். முழு மின்னோட்டமும் அதன் வழியாகப் போக வேண்டியதில்லை. 100 வாட் பல்பு போட்டால் என்ன என்று பெரியப்பா கேட்டதற்கு, உருகிக் கருத்துப்போன ஒரு சாக்கெட்டை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். சாதாரண 60/55 பல்பையே போட்டார்.

அப்புறம்தான் மட்டம். சமதரையில் சுவருக்கு ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடுப்புள்ளி எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் சுவரில் கோடு போட்டார். லோபீமின் வெட்டுக்கோடு அதற்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஐந்து சென்டிமீட்டரில் என்ன இருக்கிறது என்று தோன்றும். விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அந்தச் சாய்வில் வெளிச்சம் 65 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். மணிக்கு 90 கிலோமீட்டரில் அது இரண்டரை விநாடி. பெரியப்பாவின் பழைய இடது விளக்கு காட்டியது 20 மீட்டர் இருந்தால் அதிகம். அவர் 60-இல்தான் போவார். அந்த வேகத்திலும் 20 மீட்டர் ஒரு விநாடியும் சொச்சமும்தான். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய்ச் சேரவே அந்த நேரம் சரியாகிவிடும். அவர் இரண்டு வருடம் அப்படித்தான் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்வந்திருக்கிறார்.

போர்மேன் அண்ணன் என்னைப் பின் இருக்கையில் உட்காரச் சொன்னார். பெரியம்மா எப்போதும் பின்னால்தான் சாய்ந்துகொண்டு வருவார். நான் உட்கார்ந்ததும் பின்பக்கம் இறங்கி, சுவரில் வெளிச்சம் மேலே ஏறியது. அதற்கேற்ப ஒரு சுற்று திருகினார். பெருநாளுக்கு ஊருக்குப் போகும்போது பூட்டில் அரிசி மூட்டையும் பின்னால் மூன்று பேரும் இருந்தால் எதிரே வருகிறவர் ஏன் திட்டுகிறார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

கிளம்பும்போது இருட்டிவிட்டது. கோலசிலாங்கூர் நெரிசலில் ஒன்றும் தெரியவில்லை. சிகிஞ்சான் வயல்வெளியில் தெருவிளக்கு முடிந்த இடத்தில் பார்த்தோம்: முன்னால் மஞ்சளான ஒரு வெளிச்சப் பாய், அதன் இடது ஓரம் மட்டும் நீண்டு, ஓரப்புல்லும் சாக்கடைக் கல்லும் தெரிந்தன. வெட்டுக்கிளிகள் கண்ணாடியில் வந்து மோதின. சுங்கை பெசார் தாண்டி, லுங்கி கட்டிய ஒருவர் பின்விளக்கில்லாத சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அவரைத் தூரத்திலேயே பார்த்துப் பெரியப்பா வேகத்தைக் குறைத்தார். எதிரே வந்த லோரி ஹைபீம் அடிக்கவில்லை. பெரியப்பா எதுவும் சொல்லவில்லை. வானொலியைச் சத்தமாக வைத்தார்.

விளக்கு 180, ரிலே வயரும் பல்பும் 85, கூலி 60. மொத்தம் 325 ரிங்கிட். ஒன்று மட்டும் பாக்கி. இடது விளக்கின் பின்னால் மூட வேண்டிய ரப்பர் மூடி தவுக்கேயிடம் இல்லை. அது இல்லாவிட்டால் மழைக்காலத்தில் மறுபடியும் உள்ளே நீர் இறங்கும். இப்போதைக்கு வேறொரு வண்டியின் மூடியை அளவாக வெட்டி வைத்திருக்கிறது. ஒன்று வந்தால் எடுத்து வைப்பதாகத் தவுக்கே சொல்லியிருக்கிறார். வரும் சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.