புனித அன்னம்மாள் மலையடிவாரத்தில்

ஜூலை பிறந்தால் போதும், எங்கள் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் வேன் பேச்சு தொடங்கிவிடும். பினாங்கு மாநிலம் புக்கிட் மெர்த்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. தேவமாதாவைப் பெற்ற தாயார் அவர். ஜூலை 26 அவருடைய திருநாள்.

2018-ஆம் ஆண்டு அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனோம். இரண்டு சிறுநீரகங்களும் கெட்டு, வாரம் மூன்று முறை மருத்துவமனையில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்த நேரம். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார், தைப்பிங், பாரிட் புந்தார் என்று ஊர்கள் கடந்தன. அம்மா கையிலிருந்த செபமாலையைக் கீழே வைக்கவே இல்லை.

அந்த இடத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். 1888-இல் கட்டிய பழைய கோயில் ஒருபுறம், 2002-இல் திறந்த பெரிய கோயில் ஒருபுறம். 2019-இல் இது பசிலிக்கா என்னும் சிறப்பையும் பெற்றது. திருவிழாக் காலத்தில் தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பூசை நடக்கும். சீனர்களும் நம் இந்து சகோதரர்களும்கூட மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஊற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துப் போகிறார்கள். பின்னால் குன்றின்மேல் பதினான்கு தலங்கள் கொண்ட சிலுவைப்பாதை. அண்ணனால் ஏற முடியவில்லை. அம்மாவும் அவரோடு அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த அக்டோபரில் அண்ணன் கண்ணை மூடினார்.

மறு ஆண்டு ஜூலையில், "வேனுக்குச் சொல்லிட்டியா, தம்பி?" என்று அம்மா கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. "கேட்டது கிடைக்கலியேம்மா, இன்னும் எதுக்கு?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் பையில் மெழுகுவர்த்திகளை அடுக்கினார்.

இந்த முறை அம்மா குன்றில் ஏறினார். முழங்கால் வலியோடு, ஒவ்வொரு தலமாக நின்று நின்று ஏறினார். பதின்மூன்றாம் தலத்தில் அசையவே இல்லை. சிலுவையிலிருந்து இறக்கிய மகனின் உடலைத் தாய் ஏந்தும் தலம் அது.

"பெத்த பிள்ளையை இப்படி மடியில போட்டுக்கிட்டு அழுதவங்க தம்பி, இந்த மாதா. என் துக்கத்தை வேற யாருகிட்ட சொல்றது?" என்றார். அடுத்தது பதினான்காம் தலம், கல்லறை. அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதோட முடிஞ்சிருந்தா நமக்கு ஈஸ்டர் ஏது? உங்க அண்ணனை நான் திரும்பப் பார்ப்பேன்."

இறங்கி வரும்போது, நோயாளிக் குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு பெண் நின்றிருந்தாள். அம்மா தம் மெழுகுவர்த்திகளில் பாதியை அவளிடம் கொடுத்து, அவள் ஏற்றி முடிக்கும்வரை குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு தவிக்கும் வாசகர்களே, மருந்தையும் வைத்தியத்தையும் விடாதீர்கள். கோயிலுக்கும் போய் வாருங்கள். கேட்ட சுகம் கிடைக்காத வீட்டுக்கும் நம்பிக்கை உண்டு. அதை நான் என் தாயிடம் கண்டேன்.