விழுந்த சுவிட்ச்

கிள்ளானில் எங்கள் வீட்டுச் சுவரில் பதித்த ஓவனுக்குத் தீபாவளி சமயத்தில்தான் வேலை. சென்ற ஆண்டு பிஸ்கட் தட்டை வைத்து ஓவனைப் போட்டதும் மெயின் சுவிட்ச் விழுந்து வீடே இருண்டது. "எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள், சுவிட்ச் விழாது" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். அம்மா சம்மதிக்காமல் வயர்மேனை அழைத்தார்.

சூடேற்றும் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூள் இருக்கும் என்றார் அவர். மாதக்கணக்கில் ஓவன் சும்மா கிடந்தால் நம் ஊர் ஈரத்தை அது உறிஞ்சும். மின்சாரம் ஓவனின் உடலுக்குக் கசியும். எங்கள் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழக்கூடியது. எர்த் வயர் இல்லாவிட்டால் அந்தக் கசிவு, ஓவனைத் தொடுபவர் உடல் வழியே இறங்கும்.

குழாயை மாற்றினார். மறுநாள் பிஸ்கட் வெந்தது. இப்போது மாதம் ஒருமுறை, எதுவும் சுடாவிட்டாலும், அம்மா ஓவனைச் சூடேற்றிவிடுகிறார்.