முன்பாரமா, பின்பாரமா? கம்பம் பள்ளத்தாக்கு சுமை இழுத்த கதை

விடிவதற்கு முன் சின்னமனூர் பக்கம் தேனி - குமுளி சாலையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். வாழைத்தார் அடுக்கிய பிக்கப், திராட்சைப் பெட்டிகளோடு ஒரு குட்டியானை, இரண்டுக்கும் வழிவிடாமல் ஆடி ஆடிப் போகும் டிராக்டர் டிரெய்லர். தேனிக்கும் போடிக்கும் அகல ரயில் வந்துவிட்டது. கம்பத்துக்கு இன்னும் தண்டவாளமே இல்லை. விளைவது எல்லாம் டயரில்தான் வெளியே போயாக வேண்டும்.

அமெரிக்காவில் பிக்கப்புக்குப் பின்னால் படகைக் கட்டி ஏரிக்கு இழுத்துப் போவது சாதாரண வார இறுதிக் காட்சி. இங்கே பிக்கப் சுமக்கும், டிராக்டர் இழுக்கும். ஆனால், மாட்டில் தொடங்கி படகில் முடிந்த ஒரு பெரிய இழுவையை இந்தப் பள்ளத்தாக்கு எப்போதோ பார்த்துவிட்டது.

1887-ல் முல்லைப் பெரியாறு அணை வேலையை பென்னிகுவிக் தொடங்கியபோது தேனிக்கு ரயில் கிடையாது. மதுரை - போடி பாதை வந்ததே 1928-ல்தான். அதனால் அணைக்கான தளவாடங்கள் அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கின. அங்கிருந்து கூடலூர் வரை நூறு கிலோமீட்டர் அளவுக்கு மாட்டு வண்டி. அதற்கு மேல் செங்குத்து மலை. அங்கே கம்பிவடம் கட்டி, இன்றைய ரோப் கார் போல சுமையை மேலே ஏற்றினார்கள். தேக்கடியில் இறங்கிய பொருள், காட்டுக்குள் இருக்கும் அணைக்குப் படகில் போனது. ரயில், மாடு, கம்பி, படகு என்று நான்கு கை மாறித்தான் ஒவ்வொரு இரும்பும் போய்ச் சேர்ந்தது. 1895-ல் அணை திறந்தது. நடுவில் காட்டுக் காய்ச்சலுக்குப் பலியான தொழிலாளர்களின் கல்லறைகள் அணைக்கு அருகிலேயே இருக்கின்றன.

அந்த வண்டிக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. சுமை முன்னால் அதிகமானால் முன்பாரம்; நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமானால் பின்பாரம். ஏர்க்கால் மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். கொஞ்சம் முன்பாரமாக ஏற்றுவதுதான் நல்ல வண்டிக்காரனின் கை.

பிக்கப்பில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் இதேதான் விதி. டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்பார்கள். பின்பாரமானால் வேகம் கூடக்கூட டிரெய்லர் வாலாட்டும். இழுக்கும் வண்டியையும் சேர்த்து ஆட்டும். படகில் இன்ஜின் பின்னால் இருப்பதால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் டிரெய்லரில் படகைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக் கட்டுகிறார்கள். அது தெரிய வெளிநாட்டு வீடியோ எல்லாம் வேண்டாம், பழைய வண்டிக்காரர் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும்.

மலையில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை. மேட்டில் பின்னால் இழுத்த சுமை, பள்ளத்தில் முதுகில் கை வைத்துத் தள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது மலை டிரைவர்களின் பால பாடம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுபவர்களை என்ன சொல்வது?

குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை மலைப்பாதை ஆறேழு கிலோமீட்டர்தான். 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பக்தர்களின் கார் இதே பாதையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தார்கள். வீட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

அடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்ப், அணை கட்டியவர்கள் போட்ட முகாமின் பெயரைத்தான் இன்னும் சுமக்கிறது. பென்னிகுவிக் மணிமண்டபம் அங்கே சாலையோரத்திலேயே இருக்கிறது, 2013 ஜனவரி 15-ல் திறந்தது. அவர் பிறந்த நாளும் அதுதான். பொங்கலை ஒட்டி வருவதால் பள்ளத்தாக்கில் அன்றைக்கு அவர் பெயரிலும் பொங்கல் பொங்குகிறது. அணைத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அந்த நெல்லும் டிராக்டர் டிரெய்லர் ஏறித்தான் களத்தை விட்டுக் கிளம்புகிறது.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். சபரிமலை சீசனில் நெரிசல் அதிகமானால் மேலே போகும் வண்டிகளை கம்பத்திலிருந்தே கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். அப்போது மணிமண்டபத்தைத் திரும்பி வரும்போதுதான் பார்க்க முடியும்.