தாய்க்கும் நித்திரை வேண்டும்

என் மூத்த மகள் பிறந்தது 2003இல். இடம்பெயர்ந்து திரும்பிவந்து தகரக் கொட்டிலில் இருந்த காலம். பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள் தொடக்கம் எனக்கு நித்திரை வரவில்லை. பிள்ளை நித்திரை கொண்டாலும் நான் விழித்திருப்பேன். களைப்பும் தெரியவில்லை. நடுச்சாமத்தில் எழும்பி முற்றம் கூட்டினேன். பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அழுதேன். பேய் பிடித்துவிட்டது என்று அயலவர்கள் நூல் கட்டினார்கள். மாமிதான் என்னை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்.

"குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்ததா?" என்று வைத்தியர் கேட்டார். தம்பி பிறந்தபோது அம்மாவும் இப்படித்தான் இருந்தார். நான் சிறுமியாகக் கண்டது. என் கலியாணம் குழம்பிவிடும் என்று வீட்டில் மறைத்த விசயம். அன்றுதான் வாய் திறந்து சொன்னேன். மருந்தெடுத்துச் சுகமானேன்.

பிறகுதான் காரணம் விளங்கியது. எங்கள் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு அது இரவு பகலை அறிந்து, நித்திரையை ஒழுங்குபடுத்துகிறது. அதை ஓட்டுபவை சில பரம்பரையலகுகள். அவற்றைப் பழ ஈயில் ஆராய்ந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளை பிறந்ததும் தாயின் ஓமோன்கள் சடுதியாகக் குறைகின்றன. இரவு நித்திரையும் குலைகிறது. ஆயிரம் தாய்மாரில் ஓரிருவருக்கு எனக்கு வந்தது போன்ற கடும் நோய் வருகிறது. ஒரு பரம்பரையலகு மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் தாய்க்கோ சகோதரிக்கோ வந்திருந்தால் கூடிய கவனம் வேண்டும்.

அந்த மகளே பிள்ளைத்தாய்ச்சியானபோது, எங்கள் இருவரின் கதையையும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னேன்.

"ஏனம்மா இதையெல்லாம் வெளியில சொல்லுறியள்?" என்று மகள் கோபித்தாள்.

"மறைச்சு நான் பட்டது காணும் பிள்ளை" என்றேன்.

பேரன் பிறந்தபின், இரவில் அவள் பால் கொடுத்ததும் பிள்ளையை நான் வாங்கிக்கொள்வேன். கறந்து வைத்த பாலைக் கோப்பையால் பருக்குவேன். அவள் நாலைந்து மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை கொள்வாள். இரவில் விளக்கைக் குறைத்தோம். காலையில் அவளை முற்றத்து வெளிச்சத்தில் இருத்தினோம். அவளுக்கு அந்த நோய் வரவில்லை.

சகோதரிகளே, யுத்தத்தில் தாயை இழந்து தனியே பிள்ளை பெறுகிறவர்கள் எங்களுக்குள் பலர். அயலில் அப்படி ஒருத்தி இருந்தால் ஓர் இரவாவது அவளுடைய பிள்ளையை வாங்கி வைத்திருங்கள். பிள்ளை உறங்கியும் தாய்க்கு நித்திரை வராமல் பேச்சும் மாறினால், நூல் கட்டிக்கொண்டு நிற்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இது பேயுமல்ல, அவளுடைய குற்றமுமல்ல. மாறக்கூடிய வருத்தம்.