கோழிக் கூண்டின் தரை



தஞ்சை வட்டாரத்தின் களிமண் பூமியில் வாழ்பவர்கள் நாங்கள். மதரஸா ஊதியத்துக்குச் சிறு துணையாகட்டும் என்று சென்ற ஆண்டு கொல்லையில் 12 அடி நீளம், 8 அடி அகலத்தில், ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்கு ஒரு கம்பிவலைக் கூண்டு அமைத்தோம். 4 நாட்டுக்கோழிகள், 11 குஞ்சுகள். கூரைக்கும் வலைக்கும் கணக்குப் பார்த்த நாங்கள் தரையைப் பற்றி எண்ணவே இல்லை. கோழிக்கு மண் போதாதா என்று இருந்துவிட்டோம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூண்டின் தரை கொல்லையைவிடத் தாழ்ந்திருந்தது. களிமண்ணில் நீர் இறங்கவில்லை. மூன்றாம் நாளே சேறும் எச்சமும் கலந்து குழம்பாயிற்று. ஐந்து வாரக் குஞ்சுகள் சிறகு தொங்கக் குந்திக்கொண்டன. எச்சத்தில் இரத்தம் தெரிந்தது. இரத்தக் கழிச்சல் என்றார் கால்நடை மருத்துவர். மருந்து கொடுத்தபின், "தரையைக் காய வைக்காம மருந்து மட்டும் கொடுத்தா நிக்காது ஹஜரத்" என்றார். 6 குஞ்சுகள் இறந்தன.

அவற்றைப் புதைத்த மாலையில் எங்கள் மகள் கேட்டாள்: "வெளியில திரிஞ்சிருந்தா மேடா பாத்து ஒதுங்கியிருக்கும்ல அத்தா?"

எங்களிடம் பதில் இல்லை. பூனையை அடைத்துவைத்து, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாத பெண்ணைப் பற்றிய ஹதீஸை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். நாங்கள் தீனி போட்டோம்தான். ஆனால் ஒதுங்கும் வழியை அடைத்துவிட்டோம். அடைபட்ட உயிருக்கு அதன் தரையும் நம்மிடம் உள்ள அமானிதமே என்பது அன்றுதான் உறைத்தது.

பிறகு தரையைத் தேடினோம். கொத்தனார் சிமெண்ட் தளம் போடச் சொன்னார். பெருச்சாளி குடையாது, கழுவுவதும் எளிது. ஆனால் அவர் சொன்ன தொகை எங்கள் ஒரு மாத ஊதியத்தைத் தாண்டியது. வெறும் சிமெண்டில் கோழி கிளறவும் முடியாது. அதன் மேலும் ஏதேனும் பரப்பியே ஆக வேண்டும். ஆற்று மணலில் நீர் நன்றாக வடியும், விலைதான் எட்டவில்லை. தென்னைநார்க் கழிவு ஈரத்தை நிறைய உறிஞ்சும். மழைக்காலத்தில் அது மீண்டும் காய்வது அரிது. நுண்ணிய மரத்தூளின் தூசி கோழியின் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. எஞ்சியது நெல் உமி. அரிசி ஆலைகள் நிறைந்த எங்கள் பகுதியில் அதன் விலையைவிட வண்டிக் கூலிதான் அதிகம்.

ஆயினும் உமி மட்டும் காப்பாற்றாது. நீரைத் தடுப்பதே முதல் வேலை. இடித்த பழைய சுவரின் செங்கல் துண்டுகளைப் பரப்பி, மேலே கிராவல் கொட்டி, அரை அடி உயர்த்தி, ஒரு பக்கம் சரிவாக இடித்துக் கெட்டிப்படுத்தினோம். சாரல் அடிக்கும் பக்கம் கூரைத் தகரத்தை இரண்டடி நீட்டினோம். பெருச்சாளி தோண்டாதிருக்க வலையை வெளிப்புறமாக ஓரடி மடக்கி மண்ணில் புதைத்தோம். அதன் பின்னரே பத்துச் சாக்கு உமியை நான்கு அங்குல உயரத்துக்கு நிரப்பினோம். ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தோம்; கோழிகள் அதில் புரண்டு மண்குளியல் செய்கின்றன.

பராமரிப்பும் பெரிதில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை உமியைக் கிளறி விடுகிறோம். தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல் மேல் வைத்து, அதைச் சுற்றி நனைந்த உமியை உடனே அள்ளிவிடுகிறோம். நின்று முகர்ந்தால் நாற்றம் தெரியாது. கோழியின் உயரத்துக்குக் குனிய வேண்டும். கண் எரிந்தால் உமியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அள்ளிய உமி எருக்குழிக்குப் போகிறது.

மற்றொரு நன்மையும் கண்டோம். ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் கோழி எச்சம் நஜீஸ். சேற்றுக் காலத்தில் தொழுகைக்கு முன் காலும் உடையும் கழுவியே ஓய்ந்தோம். காய்ந்த உமி ஒட்டுவதில்லை. கூண்டுக்கென ஒரு ஜோடி செருப்பும் வைத்துவிட்டோம்.

இவ்வாண்டின் ஐப்பசியும் கடந்தது. தரை காய்ந்தே இருக்கிறது. பிழைத்த 5 குஞ்சுகளும் வளர்ந்துவிட்டன. இரவில் மழை பெய்தால், விடிந்ததும் எங்கள் மகள் தீனிச் சட்டியை எடுக்குமுன் கூண்டுக்குள் போய் உமியை ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்க்கிறாள்.

நம் பொறுப்பில் உள்ள வாயில்லா ஜீவன்களின் ஹக்கை நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.