உப்புக்காற்று, மழை, கேமரா: புதுக்கடை பக்கம் ஒரு நாள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குச் சுற்றுலா வருபவர்களின் கேமரா, விவேகானந்தர் பாறை, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடும். மார்த்தாண்டத்துக்குத் தென்மேற்கே இருக்கும் புதுக்கடை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. ஆனால் பழமையான கோயில், தென்னந்தோப்பு, ரப்பர் தோட்டம், ஆறு கடலில் சேரும் பொழிமுகம், மீன்பிடித் துறைமுகம் என எல்லாமே இங்கே பத்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன.

கேமராவுக்கு ஆகாதவையும் அதே பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. சாலையில் தூசி, கரையில் உப்பு, வருடத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் புழுக்கம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் நன்றாகப் பெய்யும் மாவட்டம் இது. மழைக்குப் பயந்து கேமராவைப் பையிலேயே வைத்திருந்தால், இந்த ஊரின் பச்சை படத்தில் வராது. கொஞ்சம் முன்னேற்பாடு இருந்தால் பயமில்லாமல் வெளியே எடுக்கலாம்.

சந்திப்பில் தூசி

புதுக்கடையில் தியாகிகள் நினைவு ஸ்தூபி இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கக் கோரி நடந்த போராட்டத்தின்போது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. அதில் உயிர்விட்டவர்களின் நினைவாக நிற்பது இது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது.

ஸ்தூபியைப் படமெடுக்க நிற்பவரைத் தாண்டி பஸ்ஸும் லாரியும் ஓயாமல் போகின்றன. லென்ஸ் மாற்றுவதற்கு இது ஏற்ற இடமில்லை. லென்ஸைக் கழற்றியதும் கேமராவின் உள்ளே இருக்கும் சென்சார் பக்கம் தூசி எளிதாகப் போய்விடும். அதன் பிறகு ஒவ்வொரு படத்திலும், குறிப்பாக நீல வானத்தில், ஒரே இடத்தில் மங்கிய புள்ளி விழும். மாற்றியே தீர வேண்டுமென்றால் கடைத் திண்ணைக்குள் ஒதுங்கி, கேமராவை அணைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமராவின் வாயைத் தரையை நோக்கிப் பிடித்து மாற்ற வேண்டும். பயணத்துக்கு ஒரே ஒரு ஜூம் லென்ஸ் கொண்டு வந்தால் இந்தக் கவலையே இல்லை.

லென்ஸ் கண்ணாடியில் தூசி படிந்தால் வாயால் ஊதக் கூடாது. எச்சில் துளி பட்டுக் கறையாகும். ரப்பர் பந்து போன்ற புளோயரால் தூசியைத் தள்ளிவிட்டு, அதன் பிறகே மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். தூசியோடு துடைத்தால் கீறல் விழும்.

முன்சிறையும் பார்த்திபபுரமும்

பக்கத்தில் முன்சிறை. மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் சிவாலய ஓட்டம் இங்குள்ள திருமலை மகாதேவர் கோயிலில்தான் தொடங்குகிறது. கையில் விசிறியோடு, 'கோபாலா, கோவிந்தா' என்று சொல்லிக்கொண்டு பக்தர்கள் நூறு கிலோமீட்டருக்கும் மேல் போய், திருநட்டாலத்தில் பன்னிரண்டாவது சிவாலயத்தைத் தரிசிப்பார்கள். கோயில்தோறும் குளித்து, ஈர உடையோடு ஓடுபவர்கள் நடுவே நிற்கும் கேமராவுக்குத் தூசியும் தண்ணீரும் சேர்ந்தே வந்து சேரும். லென்ஸ் முன்னால் ஒரு யூ.வி. ஃபில்டரும் ஹூடும் மாட்டியிருப்பது நல்லது. கீறல் விழுந்தாலும் ஃபில்டரோடு போகும், லென்ஸ் தப்பிக்கும்.

பார்த்திபபுரம் விஷ்ணு கோயில் அதைவிட அமைதி. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல் எழுப்பிய கோயில் இது. 95 மாணவர்கள் படிக்க ஒரு சாலையையும் அவன் இங்கே ஏற்படுத்தியதாகச் செப்பேடு சொல்கிறது. படம் எடுக்கக் கோயிலில் அனுமதி கேட்டுக்கொள்வது முறை.

ஏ.சி. காரில் வந்து இறங்குபவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கும். குளிர்ந்த கேமராவைப் புழுக்கத்தில் சட்டென்று வெளியே எடுத்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பதுபோல லென்ஸில் ஈரம் பூத்துவிடும். காருக்குள் இருக்கும்போதே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து இருபது முப்பது நிமிடம் கழித்துத் திறந்தால், ஈரம் கவரின் மேல் படியும், கேமராவில் படியாது. அந்த நேரத்தில் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம்.

தேங்காய்ப்பட்டணத்தில் உப்பு

குழித்துறை ஆறு என்று ஊர்க்காரர்கள் சொல்லும் தாமிரபரணி, கடலில் சேரும் இடம் தேங்காய்ப்பட்டணம். எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான் பிறந்த ஊர். பழைய கல் பள்ளிவாசல், தென்னை வரிசை, பொழிமுகம், படகுகள் என்று ஷட்டருக்கு ஓய்வே இருக்காது.

கேமராவுக்கு மழைத் தண்ணீரைவிடக் கடல் தண்ணீர் மோசம். சாரலாக வந்து படியும் உப்பு, பட்டன் இடுக்குகளிலும் உலோகப் பகுதிகளிலும் தங்கி அரிக்கும். ஹோட்டலிலோ கடையிலோ கிடைக்கும் கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்று போதும். அடியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ஹூடின் மேல் ரப்பர் பேண்டால் இறுக்கிவிட்டால், கையை வாய்ப்பக்கமாக விட்டு இயக்கலாம். சாரலுக்கும் மழைக்கும் அதுவே சட்டை.

'வெதர் சீல்டு' என்று கேமராவில் போட்டிருந்தாலும் தண்ணீரில் முக்கலாம் என்று அர்த்தமில்லை. தண்ணீர் புகாது என்று விற்கும் செல்போன்களும் பெரும்பாலும் நல்ல தண்ணீரில் சோதிக்கப்பட்டவைதான். கேமரா கடலில் விழுந்துவிட்டால், இயக்கிப் பார்க்கவே கூடாது. பேட்டரியையும் மெமரி கார்டையும் உடனே கழற்றிவிட்டு, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும். கேமரா போனாலும் கார்டில் உள்ள படங்கள் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

ஜூன், ஜூலை மாதங்களில் இந்தக் கரையில் அலை மூர்க்கமாக இருக்கும். நல்ல படத்துக்காக அலைத்தடுப்புக் கற்களில் ஏறி நிற்பது வேண்டாத வேலை. கேமராவை வேறு வாங்கிக்கொள்ளலாம்.

ராத்திரி வேலை

அறைக்குத் திரும்பியதும் முதல் வேலை உப்பை எடுப்பது. நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தையும், கடலோரத்தில் நிறுத்திய டிரைபாட் கால்களையும் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். காய்ந்த உப்பை அப்படியே தேய்த்தால் அது மணல்தாள் மாதிரி உராயும்.

அடுத்தது பூஞ்சணம். நனைந்த தோல் பைக்குள் கேமராவை மூடி வைத்தால், சில வாரங்களில் லென்ஸ் உள்ளே சிலந்தி வலைபோல அது படரும். சரிசெய்ய ஆகும் செலவில் சில நேரம் பழைய லென்ஸே வாங்கிவிடலாம். ஆவணி முகூர்த்தங்களை நம்பியிருக்கும் கல்யாண போட்டோகிராபருக்கு அது ஒரு சீசன் வருமானம். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் ஈரம் ஏறாது. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி, திரும்பப் பயன்படுத்தலாம். அரிசியில் புதைப்பது வேண்டாம். மாவுத்தூள் இடுக்குகளில் போய்விடும்.

பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்ட், புளோயர், இரண்டு பருத்தித் துணி, சிலிக்கா ஜெல், மூடி இறுகும் டப்பா. கேமரா விலையோடு பார்த்தால் சின்னச் செலவுதான். இவ்வளவும் பையில் இருந்தால், புதுக்கடை பக்கம் மழை வரும்போது கடைத் திண்ணையில் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. தென்னை ஓலையில் தண்ணீர் சொட்டும் அந்த நேரத்தில்தான் இந்த ஊர் படத்துக்கு இன்னும் அழகாக இருக்கும்.